கேமரன் மலை லேண்ட் ரோவர்: கார்புரேட்டரும் இன்ஜெக்‌ஷனும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரன் மலை, தேயிலைக்கு அடுத்தபடியாகப் பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பேர்போனது. அவ்வண்டிகளின் எஞ்சினுக்கு எரிபொருள் ஊட்டும் முறை மாறிய வரலாறு இது. கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்று ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் வாதிடும்போது பேச்சு வேகத்தைச் சுற்றியே போகும். மலையில் வழக்கைத் தீர்த்தவை மெலிந்த காற்றும் செங்குத்து ஏற்றமும் ஈரமும்தான்.

வில்லியம் கேமரன் 1885-இல் அளந்த இப்பகுதியில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அடிவாரத் தாப்பாவிலிருந்து மலைமேல் உள்ள தானா ராத்தாவுக்குச் சாலை போட்டு முடிய 1930களின் தொடக்கம் ஆகிவிட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் காட்டை வெட்டித் தேயிலை நட்ட அந்த நாள்களில் சுமை தூக்கியவை கோவேறு கழுதைகள். லேண்ட் ரோவர் பிறந்ததே 1948-இல், ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில். அதே ஆண்டு மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திக் கழித்த வண்டிகள் தோட்டங்களுக்கு வந்தன என்று மலையில் சொல்வார்கள்.

முதல் வண்டியில் இருந்தது 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். 1958-இல் வந்த இரண்டாம் சீரிஸில் எஞ்சின் 2.25 லிட்டராக வளர்ந்தது. பின்னாளில் சோலெக்ஸ் இருந்த இடத்துக்கு ஜெனித் வந்தது. 1893-இல் வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தெளிப்பு முறையின் வாரிசுகள்தான் இவையெல்லாம். குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஜெட் துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. பம்ப், கணினி, சென்சார் எதுவும் கணக்குப் போடுவதில்லை. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை என்பதால், தாப்பாவில் சரியாக ட்யூன் செய்த வண்டி தானா ராத்தா வந்து சேரும்போது கலவையில் 7, 8 விழுக்காடு பெட்ரோல் மிகையாகிவிடுகிறது. பிளக்கில் கரி படியும், ஐட்லிங் தடுமாறும், டேங்க் சீக்கிரம் காலியாகும். 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் சிகரத்தில் இன்னும் மோசம். செங்குத்துச் சரிவில் வண்டி சாயும்போது மிதவைத் தொட்டியில் பெட்ரோலும் சாய்ந்து, ஜெட்டுக்குப் போதாமல் போகலாம் அல்லது தொண்டையில் வழியலாம். குளிரும் ஈரமும் சேர்ந்த விடியலில் ஆவியாகும் பெட்ரோல் தொண்டையைக் குளிர்வித்து உள்ளேயே பனி கட்டச் செய்வதும் உண்டு. வெப்ப நாட்டு ஓட்டுநர் எளிதில் சந்தேகிக்காத கோளாறு இது. ஆனாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பெட்ரோலும் இருந்தால் சாலையோரத்திலேயே கழற்றிக் கழுவி மாட்டிவிடலாம். பட்டறை தொலைவில் இருக்கும் தோட்டத்தில் இது சாதாரண வசதி அல்ல.

டீசலில், பம்ப் அழுத்தத்தில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முன்பே வந்துவிட்டது. பாஷ் நிறுவனம் 1927-இல் டீசல் பம்புகளைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கியது. லேண்ட் ரோவருக்கு டீசல் எஞ்சின் கிடைத்தது 1957-இல். மிதவைத் தொட்டி இல்லாததால் சரிவு பொருட்டில்லை. பிளக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லாததால் மூடுபனியிலும் மழையிலும் மக்கர் பண்ணுவதில்லை. உயரத்தில் பம்பைத் திருத்தாவிட்டால் கரும்புகை கக்கும் என்பதும், பம்ப் பழுதானால் அதற்கென்றே உள்ள கடைக்குத்தான் போகவேண்டும் என்பதும் குறைகள். 1989-இல் அறிமுகமான 200டிடிஐ டீசல் எஞ்சின் டர்போவின் உதவியால் மெலிந்த காற்றைப் பெருமளவு ஈடுகட்டியது. மலை ஏற்றத்துக்கு ஏற்ற வண்டி அதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷனின் கதை வேறு தடத்தில் ஓடியது. 1954-இன் மெர்சிடிஸ் 300எஸ்எல் அதை ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொண்டுவந்தது; 1967-இல் பாஷின் டி-ஜெட்ரானிக் மின்னணுக் கணக்கைச் சேர்த்தது. அதே ஆண்டு டிரயம்ப் டிஆர்5 லூகாஸ் இன்ஜெக்‌ஷனோடு வர, அமெரிக்காவுக்குப் போன அதன் உடன்பிறப்பு டிஆர்250 கார்புரேட்டரோடு நின்றது. மலேசியாவில் 1985-இன் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் வண்டிதான். ரேஞ்ச் ரோவரின் வி8 எஞ்சினுக்கு 1980களின் நடுவில் இன்ஜெக்‌ஷன் வந்தபோதும், அதே எஞ்சின் பூட்டிய உழைப்பு வண்டிகளில் கார்புரேட்டர் சில ஆண்டுகள் நீடித்தது. மலையில் கார்புரேட்டரை ஓரங்கட்டியது டீசல் பம்ப். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வருமுன்னே ஆட்டம் முடிந்துவிட்டது. 1998இன் டிடி5 எஞ்சின் டீசலுக்கும் கணினியைக் கொண்டுவந்தது. ஸ்க்ரூ டிரைவரின் காலம் அத்தோடு சரி. அந்த லேண்ட் ரோவர்களின் வாரிசான பழைய வடிவ டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29-இல் நின்றது.

2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆக உயர்ந்தபின், பழைய பெட்ரோல் வண்டி மேல் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படி ஒன்றை வாங்குவோர் மெயின் ஜெட்டை மலைக்கு ஏற்ப ஓரளவு சிறிதாக்கலாம். ஈப்போவுக்கு இறங்குமுன் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும். தாழ்நிலத்தில் பெட்ரோல் குறைந்த கலவையோடு நெடுந்தூரம் ஓட்டினால் எஞ்சின் சூடேறி வால்வுகள் கருகும்.