காலை பத்து மணி: தட்கல் வரிசையின் வரலாறு

விழுப்புரம் ஜங்ஷனைத் தெரியாத ரயில் பயணி தென்மாவட்டங்களில் குறைவு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் ஊர் அது. சென்னைப் பாதையில் அடுத்த பெரிய ஊர் திண்டிவனம். இந்த ஊர்களில் அவசரப் பயணம் என்றால் முதலில் வரும் கேள்வி, "தட்கல் கிடைக்குமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் வரலாறு இருக்கிறது.

ஒரு காலத்தில் முன்பதிவு காகிதப் பேரேடுகளில் நடந்தது. 1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒரே நெட்வொர்க்காக இணைந்தன. அதன் பிறகு ஒரு ஊர் கவுண்டரில் நின்று வேறு ஊர் ரயிலுக்கும் டிக்கெட் வாங்க முடிந்தது. இதற்கிடையில் 1997-ல் தட்கல் திட்டமும் வந்துவிட்டது.

2002 ஆகஸ்ட் 3-ம் தேதி ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் தொடங்கப்பட்டது. முதலில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது. 2005-ல் இ-டிக்கெட் வந்ததும் வரிசையில் பாதி பிரவுசிங் சென்டருக்கு இடம் மாறியது.

அங்கேதான் புதுச் சிக்கல். தட்கல் திறக்கும் நிமிடத்தில் நாடே ஒரே பக்கத்தைத் தட்டும். படம், எழுத்து போன்றவற்றைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைக்கலாம். ஆனால் ஒரு பெர்த்தை இரண்டு பேருக்கு விற்க முடியாது. எனவே எல்லாக் கோரிக்கைகளும் கடைசியில் ஒரே இருப்புக் கணக்கில் வந்து முட்டும். பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 2014-ல் 7,200 ஆனது. 2015-ல் ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று நேரத்தைப் பிரித்ததும் நெரிசலைக் குறைக்கத்தான்.

வேகம் கூடியது, நியாயம் கூடியதா? இல்லை. தளம் வேகமானபோது திருட்டு மென்பொருளும் வேகமானது. பெயர், வயது, பணம் எல்லாவற்றையும் நொடியில் நிரப்பி, கேப்ட்சாவையும் ஓ.டி.பி.யையும் தாண்டிப் போகும் மென்பொருள்களை விற்ற கும்பலை 2020-ல் ரயில்வே பாதுகாப்புப் படை பிடித்தது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாகிச் சாதனை ஆனது. அடுத்த மாதமே ரயில்வே அமைச்சகம் இன்னொன்றையும் சொன்னது: தட்கலின் முதல் ஐந்து நிமிட லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை பாட் எனும் தானியங்கி நிரல்களுடையது! சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை 1 முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமானது. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்குத் தடையும் வந்தது.

திண்டிவனத்தில் மெதுவான மொபைல் நெட்வொர்க்கில், ஒற்றை விரலால் பெயரைத் தட்டுகிறவர் நிரலோடு ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயிக்க முடியாது. சர்வரைப் பெரிதாக்கினால் மட்டும் அவருக்கு இடம் கிடைத்துவிடாது. கவுண்டர் வரிசையில் இடையில் புகுந்தவரைப் பின்னால் நிற்பவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். இணைய வரிசையில் அந்தக் கை இல்லை. அந்தக் கையின் வேலையைச் செய்வதுதான் பாதுகாப்பு!