பல்பு எரியுது, ஆனா வயர் சரியில்லை

போன ஐப்பசி மழையில் எங்க வீட்டு பாத்ரூம் சுவிட்ச் பெட்டியின் திருகாணியைத் தொட்டால் 'சுர்ர்'னு இழுத்தது. பல்பெல்லாம் ஜோராத்தான் எரியுது. ஈ.எல்.சி.பி. இல்லாத பழைய வீடு. டெஸ்டரை வச்சால் ஈரச் சுவர்லயே மினுக்குன்னு எரியுது. எங்கேன்னு தேட?

இந்தத் தலைவலி மின்விளக்கு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே இருக்கு மக்கா. 1882-ல் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ஜே.பி. மார்கன் தன் வீட்டுக்கு எடிசன் கம்பெனி விளக்கு போட்டுக்கிட்டார். டைனமோவும் சொந்தம், அதன் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் புகார் வேற. நூலக அறையில் மேஜை விளக்குக்குப் போன வயரில் ஷார்ட் ஆகி மேஜையும் கம்பளமும் எரிஞ்சுபோச்சு. ஆக, அன்னிக்கு ஃபால்ட் கண்டுபிடிக்கும் கருவி மூக்குதான் :-) அதே 1882-ல் லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கம் வயரிங் விதிகளை வெளியிட்டது. அதன் தலைப்பே மின்விளக்கால் வரும் தீ அபாயத்தைத் தடுப்பது பற்றித்தான்.

விதி போட்டாச்சு, சோதிப்பது எப்படி? இன்சுலேஷனை அளக்க பேட்டரி வரிசையையும் கால்வனாமீட்டரையும் தூக்கிட்டுப் போகணும். சிட்னி எவர்ஷெட் 1889-ல் இதுக்குன்னே ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1903-ல் 'மெகர்' என்ற பெயர் பதிவாச்சு. கையால் சுத்தினால் உள்ளே இருக்கிற ஜெனரேட்டரே வோல்டேஜ் கொடுக்கும், முள் மெகா ஓமில் காட்டும். நம்மூர் எலக்ட்ரீசியன்கள் அதையே 'மெக்கர் பண்ணிப் பாரு'ன்னு வினைச்சொல்லாக்கிட்டாங்க!

மல்டிமீட்டர் கொடுக்கிற சில வோல்ட்டுக்கு ஈரக்கசிவு பெரும்பாலும் பிடிபடாது. 500 வோல்ட் டி.சி. கொடுத்தால்தான் வெளியே வரும். நம்ம ஐ.எஸ். 732-ன் பழைய பதிப்பில் ஒரு கணக்கு இருந்தது: 50-ஐ மொத்த பாயிண்ட் எண்ணிக்கையால் வகு, அத்தனை மெகா ஓம் இருக்கணும். வீடு முழுசுக்கும் 1 மெகா ஓமுக்கு மேல் கேட்டதில்லை. தேக்கு ரீப்பரில் ரப்பர் வயர் ஓடிய பழைய வீடுகளில் இது தேறுவது கஷ்டம். சூட்டில் ரப்பர் காய்ஞ்சு, கையில் எடுத்தால் உதிரும்.

எங்க வீட்டுக்கு வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் மெயினை அணைச்சு, நியூட்ரலையும் பிரிச்சு, சுவிட்ச் எல்லாத்தையும் ஆனில் வச்சு, ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி எர்த்துக்கு எதிரா மெக்கரைச் சுத்தினார். முள் கால் மெகா ஓம்கூடத் தாண்டலை. அப்புறம் நடு ஜங்ஷன் பாக்ஸில் ரெண்டு வயரோட ஜாயின்டையும் பிரிச்சு, முன்பாதி, பின்பாதின்னு தனித்தனியாப் பார்த்தார். கெட்ட பாதியை மறுபடி ரெண்டாக்கினார். நாலே தடவையில் மொட்டைமாடி விளக்குக்குப் போற பைப்பில் வந்து நின்னாச்சு. திறந்தால் ஒரு டம்ளர் தண்ணி, உரிஞ்ச வயர். அதைத் துண்டிச்சுட்டுச் சுத்தினதும் முள் விறுவிறுன்னு ஏறுச்சு.

சாயங்காலம் மாடிக்குப் போன அப்பா கீழே இறங்கி வந்து சத்தம் போட்டார்: "நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த பல்பை ஏண்டா கழட்டினே?"