மதராஸ் நேரமும் கணினியும்

மதராஸ் நேரம் என்பது, தேனாம்பேட்டையை அடுத்த நுங்கம்பாக்கத்து வான்நோக்கு நிலையத்தில் கணிக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே பின்பற்றிய நேரம். உலகின் பெரும்பாலான கணினிகளும் கைப்பேசிகளும் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் அது எம்.எம்.டி. என்ற சுருக்கப் பெயரோடு இன்றும் இடம்பெற்றிருக்கிறது.

கிழக்கிந்திய கம்பெனி 1792இல் அமைத்த அந்த நிலையத்தின் கருங்கல் தூண், கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1802இல் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் மதராஸின் தீர்க்கரேகையை 80 பாகை 18 கலை 30 விகலை எனக் கணித்தார். பாகைக்கு 4 நிமிட வீதம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தைய நேரம் கிடைத்தது. கல்கத்தா நேரத்துக்கும் பம்பாய் நேரத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தது ரயில்வேக்கு வசதியாயிற்று.

1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேர இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டன. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை இடைவெளியின்றி ஆறரை மணிதான். ஜாதகம் கணிக்கும் மென்பொருளுக்கு இது முக்கியம். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறுவதால், 1943இல் பிறந்தவருக்கு அந்த ஒரு மணியைக் கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடலாம். எந்தத் தேதிக்கும் ஐந்தரையைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் நிரல் பிழையானது.

சுருக்கப் பெயர்கள் இன்னும் ஆபத்தானவை. ஐ.எஸ்.டி. என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் பொது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அமைப்பை மாற்றாதவரை, அதை இஸ்ரேல் நேரமாகவே கொள்ளக்கூடும். அப்போது மூன்றரை மணி நேரம் பிசகிவிடும்.

இந்தியாவில் இன்று கோடை நேரம் இல்லை. ஆயினும் அமெரிக்காவுக்காக வேலை செய்யும் சென்னை அலுவலகங்களின் ஷிப்ட் அந்நாட்டின் கோடை நேரத்தைப் பொறுத்தே நகர்கிறது: நியூயார்க்குடனான வேறுபாடு மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் ஒன்பதரை மணி, நவம்பர் முதல் ஞாயிறு முதல் பத்தரை மணி. இலங்கையோ 1996இல் இருமுறை நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் ஐந்தரைக்கே திரும்பியது.

நடந்து முடிந்த நிகழ்வின் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிப்பதே சரி. வருங்காலச் சந்திப்புக்கு, உள்ளூர் நேரத்தோடு ‘ஏசியா/கொல்கத்தா’ என்பதுபோல் மண்டலத்தின் முழுப்பெயரையும் எழுதிவைக்க வேண்டும். சுருக்கப் பெயர் போதாது.