சொட்டுத்தட்டின் கதை

இறைச்சி தீயில் வேகும்போது அதிலிருந்து உருகி வழியும் கொழுப்பு எங்கே போகிறது? கேட்பதற்கு மிகச் சாதாரணமான கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் சமையல்காரர்களின் வரும்படி, அரசாங்கத்தின் வரி, உலகப்போரின் வெடிமருந்து என்று பெரிய வரலாறே இருக்கிறது. அந்த வரலாறு முழுவதும் ஒரு தட்டில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு டிரிப் பேன் என்று பெயர். நாம் சொட்டுத்தட்டு என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் இப்போது முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்புகள் பிரபலம். கீழே கரி, மேலே கம்பித் தட்டு, அதன்மேல் இறைச்சி, மூடுவதற்குக் கனமான பீங்கான் மூடி. இந்த அடுப்பை வாங்குபவர்களுக்கு அடுத்து வரும் சந்தேகம், இதற்கு எந்தச் சொட்டுத்தட்டு பொருந்தும் என்பது. கடையில் விதவிதமான தட்டுகள் கிடைத்தும் குழப்பம் தீர்வதில்லை. காரணம், இந்த அடுப்பு பிறந்த ஊர் வேறு, அந்தத் தட்டு பிறந்த ஊர் வேறு!

தீக்குப் பக்கத்தில் ஒரு தட்டு

முதலில் தட்டு பிறந்த இங்கிலாந்துக்குப் போவோம். அங்கே பழைய காலத்தில் பெரிய இறைச்சித் துண்டை நீளமான கம்பியில் குத்தி, எரியும் தீக்கு முன்னால் வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தீக்கு மேலே அல்ல, தீக்கு முன்னால். இதுதான் முக்கியம். இறைச்சிக்கு நேர் கீழே நெருப்பு இல்லாததால் அங்கே ஒரு தட்டை நிம்மதியாக வைக்க முடிந்தது. சொட்டும் கொழுப்பு கருகாமல் அதில் சேர்ந்தது. அதையே கரண்டியால் எடுத்து மறுபடி இறைச்சிமேல் ஊற்றினார்கள்.

வசதியானவர்கள் வீட்டில் தட்டு இரும்பில் இருக்கும். மண்ணில் செய்த தட்டுகளும் இருந்தன. இங்கிலாந்தில் அகழாய்வுகளில் இடைக்காலத்து மண் சொட்டுத்தட்டுகள் கிடைத்திருக்கின்றன. நீளமான வடிவம், ஒரு பக்கம் கைப்பிடி, தீயைப் பார்த்த மறுபக்கத்தில் கரி படிந்த தடம். அன்று தட்டு மண்ணில் இருந்தது. இன்று அடுப்பு பீங்கானாகி, தட்டு உலோகமாகிவிட்டது.

இந்தத் தட்டிலிருந்து ஒரு புகழ்பெற்ற பலகாரமும் பிறந்தது. மாவு, முட்டை, பால் கலந்த கரைசலை இறைச்சிக்குக் கீழே சொட்டுத்தட்டில் ஊற்றிவிட்டால், மேலிருந்து விழும் கொழுப்பிலேயே அது வெந்துவிடும். 1737-ல் வெளிவந்த ஒரு சமையல் நூலில் இதன் பெயரே சொட்டுப் புட்டிங் என்ற பொருளில்தான் இருந்தது. 1747-ல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் யார்க்‌ஷயர் புட்டிங் என்று எழுத, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கொழுப்புக்கு விலை இருந்த காலம்

தட்டில் சேர்ந்த கொழுப்பு பணமாகவும் மாறியது. ஆறி உறைந்த கொழுப்பை டிரிப்பிங் என்றார்கள். ஏழைகள் வெண்ணெய்க்குப் பதிலாக அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள். பெரிய வீடுகளில் மிஞ்சும் டிரிப்பிங் சமையல்காரருக்குச் சொந்தம் என்பது வழக்கம். சம்பளத்துக்கு மேல் வரும்படி! 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி விரிவாக எழுதிய ஹென்றி மேஹ்யூ, சமையலறைக் கொழுப்பை விலைக்கு வாங்குபவர்களைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார்.

விளக்கெரிக்கவும் கொழுப்புதான். பிரிட்டனில் 1709-ல் மெழுகுவத்திக்கு வரி விதித்தார்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் மெழுகுவத்தி செய்வது குற்றம். ஆனால் கோரைத் தண்டைச் சமையலறைக் கொழுப்பில் தோய்த்து எடுக்கும் எளிய விளக்குக்கு வரி இல்லை. 1789-ல் வெளியான கில்பர்ட் வைட்டின் செல்போர்ன் நூலில் இதன் செய்முறையும் செலவுக் கணக்கும் இருக்கின்றன. வரி 1831-ல் நீக்கப்படும் வரை, வத்தி வாங்க முடியாத குடிசைகளில் இருட்டைப் போக்கியது சமையலறையில் மிஞ்சிய கொழுப்புதான்.

இரண்டாம் உலகப்போரில் இதே கொழுப்புக்கு மீண்டும் மவுசு வந்தது. 1942 முதல் அமெரிக்க அரசு, வாணலியில் மிஞ்சும் கொழுப்பை டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் ஒப்படைக்கும்படி இல்லத்தரசிகளைக் கேட்டுக்கொண்டது. கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்து. கொண்டுவந்து தந்தவர்களுக்குக் காசும் பிறகு ரேஷன் புள்ளிகளும் கிடைத்தன.

வணிகவியல் மொழியில் சொன்னால், கொழுப்பு அன்று விலை பெறும் துணைப்பொருள். அதை வாங்கி வைக்கும் தட்டு கிட்டத்தட்ட ஓர் உண்டியல்.

சோறு பொங்கப் பிறந்த அடுப்பு

இப்போது அடுப்பின் கதைக்கு வருவோம். ஜப்பானில் அடுப்புக்குக் கமடோ என்று பெயர். அதில் ஒரு வகை முஷிகமடோ. மூடியுடன் கூடிய உருண்டையான மண் அடுப்பு. அதன் வேலை சோறு வேக வைப்பது! கரி கீழே, அரிசிப் பானை உள்ளே, மேலே மூடி. காற்று நுழையும் வழியைக் கூட்டியும் குறைத்தும் தீயைக் கட்டுப்படுத்தலாம்.

கி.பி. 675-ல் தெம்மு பேரரசர் மாடு, கோழி முதலான சில விலங்குகளின் இறைச்சிக்குத் தடை விதித்த நாடு ஜப்பான். 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்ட செய்தி வெளியான பிறகுதான் அங்கே நிலைமை பெரிதும் மாறியது. ஆகவே அரிசிக்கான அந்த அடுப்பில் கொழுப்பு சொட்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை.

1945-க்குப் பிறகு ஜப்பானில் தங்கிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு இந்த அடுப்பு பிடித்துப்போனது. ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். பானையை எடுத்துவிட்டுக் கம்பித் தட்டு வைத்து இறைச்சி சுட்டார்கள். ஜப்பானிலோ 1955-ல் தோஷிபாவின் மின்சார ரைஸ் குக்கர் வந்தது. சோற்றுக்குக் கரி அடுப்பு தேவைப்படாத காலம் அங்கே தொடங்கியது. 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் என்பவர் பச்சின்கோ விளையாட்டு இயந்திரங்களோடு கமடோவையும் விற்கத் தொடங்கினார். மண் அடுப்பு விரிசல் விட்டதால் பின்னர் உறுதியான பீங்கானுக்கு மாறினார். அதுதான் பிக் கிரீன் எக்.

சிக்கல் இங்கேதான் வந்தது. இங்கிலாந்தில் தீ பக்கத்தில் இருந்தது. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீஃபன் உருவாக்கிய வெபர் கெட்டில் அடுப்பில்கூடக் கரியை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கிவிட்டு நடுவில் தட்டு வைக்கலாம். கமடோவிலோ கரி குறுகலான அடிப்பகுதியில், இறைச்சிக்கு நேர் கீழே. ஒதுக்க இடமே இல்லை. கொழுப்பு நேராகக் கனலில் விழுந்து எரியும். அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற வேதிப்பொருட்கள் உண்டாகி இறைச்சியில் படியும். பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே கரிக்கும் இறைச்சிக்கும் நடுவில் ஒரு பீங்கான் தடுப்புத் தட்டு வந்தது. அதன்மேல்தான் சொட்டுத்தட்டு.

அப்படியானால் எந்தத் தட்டு?

வரலாறு தெரிந்தால் விடை எளிது.

1. அளவு: சூடான காற்று தடுப்பின் ஓரங்கள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அதை அடைக்கும் தட்டு அடுப்பையே அடைத்துவிடும். இறைச்சியைவிடச் சற்றுப் பெரியதாக, தடுப்பைவிடச் சிறியதாக இருந்தால் போதும். அடுப்பு வட்டம் என்பதால் வட்டத் தட்டு நல்லது.

2. இடைவெளி: தடுப்பு நேரடியாகக் கனலைப் பார்ப்பதால் இறைச்சி இருக்கும் இடத்தைவிடச் சூடாக இருக்கும். அதன்மேல் தட்டை ஒட்டி வைத்தால் கொழுப்பு கருகிக் கசப்பான புகை வரும். அலுமினியத் தாளை உருட்டி மூன்று உருண்டைகளைக் கீழே வைத்து அரை அங்குலம் தூக்கினாலே போதும்.

3. தண்ணீர்: பீங்கான் அடுப்பில் காற்றோட்டம் குறைவு என்பதால் ஈரம் எளிதில் வெளியேறாது. இறைச்சி காயாமல் இருக்கத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் தண்ணீர் இருக்கும்வரை தட்டு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கொழுப்பு கருகாது.

4. உலோகம்: துத்தநாகம் பூசிய தட்டு கூடாது. அதிக வெப்பத்தில் நச்சுப் புகை வரும். நான்-ஸ்டிக் பூச்சும் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். எவர்சில்வரும் எனாமல் பூசிய இரும்பும் நெடுநாள் உழைக்கும்.

கடைசியாக ஒன்று. மெல்லிய அலுமினியத் தட்டில் கொழுப்பைப் பிடித்து, தட்டோடு குப்பையில் போடுவது இன்று பலரின் வழக்கம். அவர்களுக்குக் கொழுப்பு வெறும் கழிவு. குழம்புக்கோ, உருளைக்கிழங்கு வறுக்கவோ அதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குத்தான் ஆழமான, கனமான நல்ல தட்டு தேவை. ஆகவே கடைக்குப் போகும் முன் முடிவு செய்ய வேண்டியது தட்டை அல்ல, கொழுப்பை. அது கழிவா, சொத்தா? லண்டன் சமையல்காரரிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்!