நுட்பத்திலிருந்து தெளிவுக்கு: நிரல் எழுதும் நெறியின் வளர்ச்சி (1949–1984)

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பான நிரல், மிகக் குறைந்த இடத்தில் சாமர்த்தியமாக எழுதப்படுவதே சிறப்பு என்ற கருத்து கணினியின் தொடக்கக் காலத்தில் கோலோச்சியது. பிறர் படித்துத் திருத்துமாறு தெளிவாக எழுதுவதே சிறப்பு என்ற நெறி பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. சிக்கனமாகக் கையாளவேண்டிய பொருள், இயந்திரத்தின் நினைவகத்திலிருந்து மனிதரின் கவனமாக மாறியதே இதற்கு அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவாகி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியின் நினைவகத்தில், ஒரு கட்டளை அளவே பிடிக்கும் அறைகள் தொடக்கத்தில் 512 மட்டுமே இருந்தன. வரிசையாக உள்ள எண்களைக் கூட்டுவதற்குக்கூட, கூட்டும் கட்டளையில் உள்ள முகவரியை நிரலே ஒவ்வொரு சுற்றிலும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்ததால், தாளில் இருந்த நிரலும் ஓடிக்கொண்டிருந்த நிரலும் வேறுபட்டன. பற்றாக்குறை கற்பித்த இவ்வுத்திகளை அக்காலத்தின் குறையாகக் கொள்ள இயலாது.

1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி நிலைமையை மாற்றியது. மனிதர் எழுதும் வாய்பாடுகளை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி என்னும் மென்பொருள், கைதேர்ந்தவர் எழுதியதற்கு ஈடான வேகத்தைத் தரவேண்டும் என்பதே அக்குழுவின் நோக்கமாக இருந்தமையால், சிக்கனம் தேடும் பொறுப்பு படிப்படியாக இயந்திரத்திடம் சென்றது. நிரல்கள் பெருகி நீண்டபோது மனித அறிவின் எல்லையே தடையாக நின்றது. கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் வெளியிட்ட கடிதத்தில், நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் 'கோ டூ' கட்டளை, எழுத்தில் காணும் நிரலுக்கும் அதன் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பைக் குலைக்கிறது என்று வாதிட்டார்.

தெளிவாக எழுதும் இந்நெறியை எடுத்துக்காட்டுகளால் நிலைநாட்டியது, பிரையன் கெர்னிகனும் பிளாகரும் 1974இல் வெளியிட்ட 'நிரல்நடையின் கூறுகள்' என்ற நூல். அச்சில் வந்த பாடநூல்களின் நிரல்களையே எடுத்து அவர்கள் திருத்திக் காட்டினர். அவற்றுள் ஒன்று, மூலைவிட்டத்தில் 1உம் ஏனைய இடங்களில் 0உம் கொண்ட அலகு அணியை அமைப்பது. கிடைவரிசை எண்ணை நெடுவரிசை எண்ணால் வகுத்து, பின் மாற்றி வகுத்து, இரு ஈவுகளையும் அந்நிரல் பெருக்கியது. முழு எண் வகுத்தலில் மீதி விடப்படுவதால், எண்கள் சமமானால் 1உம், இல்லையேல் 0உம் கிடைக்கும். விடை சரியே, ஆயினும் படிப்பவர் ஒரு புதிரை அவிழ்த்த பின்பே நோக்கத்தை அறிகிறார், கணினியும் வீண் வகுத்தல்களைச் செய்கிறது. அனைத்தையும் 0 ஆக்கி, மூலைவிட்டத்தில் மட்டும் 1 இடுவது படித்தவுடன் விளங்கும்.

அதே ஆண்டில் கணினி அறிஞர் டொனால்டு நூத், சிறு வேகச் சிக்கனங்களைப் பெரும்பாலான இடங்களில் மறந்துவிடலாம் என்றும், அளந்தறிந்த முக்கியப் பகுதிகளில் மட்டும் அவற்றை நாடவேண்டும் என்றும் வரையறுத்தார். 1984இல் அவர் முன்வைத்த 'இலக்கிய நிரலாக்கம்', நிரலை மனிதருக்கான விளக்கவுரையாகவே எழுதவேண்டும் என்றது. தெளிவாக எழுதவும் கூர்மதி வேண்டும். அம்மதியை அடுத்துப் படிப்பவரின் உழைப்பைக் குறைக்கச் செலவிடக் கற்றதே இந்த 35 ஆண்டுக்கால வளர்ச்சியின் பயன்.