வேம்புக் காப்புரிமை வழக்கும் வழக்காற்றுச் சான்றும்

முன்னுரை

பயிர்களைத் தாக்கும் பூஞ்சாண நோய்களை வேப்பெண்ணெயால் கட்டுப்படுத்தும் முறைக்கு வழங்கப்பட்ட ஐரோப்பியக் காப்புரிமை, பத்தாண்டு வழக்கிற்குப்பின் 2005ஆம் ஆண்டில் முற்றாக நீங்கியது. இது நம் மரபின் தொன்மைக்குக் கிடைத்த வெற்றி என்றே பெரிதும் பேசப்படுகின்றது. அவ்வழக்கில் எத்தகைய சான்று எடுபட்டது என்பதை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகின்றது.

காப்புரிமையும் எதிர்ப்பும்

1994 செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், டபிள்யூ.ஆர். கிரேசு நிறுவனத்திற்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் கூட்டாக இவ்வுரிமையை வழங்கியது. வேப்பம் விதையினின்றும் கரைப்பான் கொண்டு பிரித்த, நீருடன் கலவாத எண்ணெய் 0.1 முதல் 10 விழுக்காடு, அதனை நீரில் பரவச் செய்யும் பொருள் சிறிதளவு, நீர் ஆகியன சேர்ந்த கலவையைத் தெளிப்பதே உரிமை கோரப்பட்ட முறையாகும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கும் நம் உழவர்க்கு இதில் புதுமை தோன்றாது. 1995இல் வந்தனா சிவா, மக்தா ஆல்வோ ஆகியோரும் பன்னாட்டு இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பும் இதனை எதிர்த்து முறையிட்டனர்.

சான்றின் தன்மை

2000 மே மாதத்தில் மியூனிக் நகரில் விசாரணை நடைபெற்றது. மகாராட்டிர வயல்களில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் வேம்புச் சாறு தெளித்து ஆய்ந்ததை இந்தியத் தொழில்முனைவர் அபய் பட்கே சாட்சியமாக உரைத்தார். இடமும் காலமும் செய்முறையும் கொண்ட அச்சான்று விசாரணைக் குழுவிடம் எடைபெற்றது. காப்புரிமை நீக்கப்பட்டது, மேல்முறையீடும் 2005 மார்ச் 8இல் தள்ளுபடியாயிற்று.

ஐரோப்பியச் சட்டம் எந்நாட்டில் நிலவிய வெளிப்படையான பயன்பாட்டையும் சான்றாகக் கொள்ளும். அமெரிக்கச் சட்டமோ அக்காலத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஏற்கவில்லை; அச்சிட்ட நூலோ முந்தைய காப்புரிமையோ காட்ட வேண்டியிருந்தது. 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தமே இந்நிலையை மாற்றியது. எழுதப்படாத வழக்காறு அதுவரை அங்கு இல்லாததாகவே கருதப்பட்டது எனலாம்.

முடிவுரை

2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகம் சித்த மருத்துவ நூல்களையும் உள்ளடக்கியது. எனினும் அது மருத்துவ நூல்களையே முதன்மையாகக் கொண்டது. உழவர் வாய்மொழியாக வழங்கும் பயிர்ப் பாதுகாப்பு முறைகளைத் திரட்டும் பணி தமிழ்த்துறைகளின் கள ஆய்வைச் சார்ந்தது. வேளாண் பழமொழிகளையும் பாடல்களையும் தொகுக்கும் நாம், கரைசலின் அளவு, தெளிக்கும் பருவம், தகவலாளி, ஊர், நாள் ஆகியவற்றைப் பல வேளைகளில் குறிக்காது விடுகின்றோம். ‘தொன்றுதொட்டு வழங்குவது’ என்னும் தொடர் பெருமிதத்திற்குப் போதுமானதாகலாம், வழக்கிற்குப் போதாது. எனவே களக் குறிப்பின் செம்மை, ஆய்வுநெறியாக மட்டுமன்றி, உழவரின் உரிமைக்கு அரணாகவும் அமையும் என்பது பெறப்படுகின்றது.