துளையுடைக் கல்லும் தேர்ந்து வினைசெய்யும் ஊக்கியும்

ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுதல் இரசாயனவியலார்க்கு அரிதன்று. வேண்டியதை மட்டும் ஆக்கி, வேண்டாததை விலக்குதலே அரிது. அவ்வருஞ்செயலைத் துளையுடைக் கல்லொன்று நிறைவேற்றிய வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1756 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுக் கனிப்பொருளறிஞர் குரொன்ஸ்ரெற் என்பார், கனிப்பொருளொன்றைச் சூடாக்கியபோது அது கொதிப்பதுபோலப் பொங்குதலைக் கண்டார். கொதித்தல், கல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குச் 'சியோலைற்று' எனப் பெயரிட்டார். கொதித்தது கல்லன்று, அதன் நுண்டுளைகளுள் அடங்கியிருந்த நீரே ஆவியாயிற்று.

சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றாலாய இப்பளிங்கின் துளைகள் மூலக்கூறுகளின் பருமனை ஒத்தவை. ஆதலின், சிறிய மூலக்கூறு உட்புகும். பெரியது புறத்தே நிற்கும். இதனாலேயே மக்பெயின் 1932 இல் இத்தகைய பொருள்களை 'மூலக்கூற்று அரிதட்டு' என்றார். பிரித்தானியாவிற் பாரர் இவற்றைச் செயற்கையாக ஆக்கும் வழியை வகுத்தார். 1949 இல் அமெரிக்காவில் மில்ற்றன் 'ஏ' வகையை ஆக்கினார். துளையின் வடிவே இரசாயனத் தாக்கத்தின் விளைவைத் தெரிந்தெடுக்கும் என்பதை வைஸ், பிறிலெற் ஆகியோர் 1960 இல் வெளியிட்டனர். 1962 இற் சியோலைற்று ஊக்கி பெற்றோலியச் சுத்திகரிப்பிற் புகுந்தது.

எனின், மனிதன் துளையைத் தன் எண்ணப்படி வகுத்துவிட்டான் எனலாமோ? 'சற். எஸ். எம். 5' என்னும் ஊக்கி இதற்கு விடை தரும். சைலீனின் மூவகையுள் ஒல்லியான பரா வகை இதன் துளைவழியே விரைந்து வெளிப்படும். ஏனையவை உள்ளே தங்கிப் பரா வகையாக மாறும். இதற்கான காப்புரிமை 1972 இல் வழங்கப்பட்டது. இதன் கட்டமைப்போ 1978 இலேயே வெளியாயிற்று. ஆக்கம் முந்திற்று, அறிவு பிந்திற்று.

முன்னரே திட்டமிட்டுத் துளையமைக்கும் முறை, உலோகச் சேதனச் சட்டகங்களாலேயே கைகூடிற்று. 1989 இல் றொப்சன் வழிகாட்டினார். கிற்றகாவா 1997 இலும் யாகி 1999 இலும் அதனை வளர்த்தனர். உலோகக் கணுக்களை இணைக்கும் சேதன மூலக்கூற்றின் நீளத்தைக் கூட்டினால் துளையும் பெருக்கும். மூவர்க்கும் 2025 இல் நோபெற் பரிசு கிட்டிற்று.

ஆயினும், கடுவெப்பத்தைத் தாங்கும் ஆற்றலிற் சியோலைற்றே மேம்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகளில் இன்றும் அதுவே நிலைபெறுகின்றது. எனவே, திட்டமிட்டவரை மட்டும் போற்றுதல் வரலாற்றுக்கு நீதியாகாது. காரணம் விளங்காதபோதும் கண்டதைக் கண்டவாறு குறித்துவைத்த குரொன்ஸ்ரெற்றின் நேர்மையும், கட்டமைப்பை அறியாதும் ஆக்கிப் பார்த்தோரின் துணிவுமே பின்வந்தோரின் திட்டத்துக்கு அடித்தளமாயின.